கற்றவரும் மாணவராகும் நாள்

எங்கள் வாலிகண்டபுரத்து வாலீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருப்பதைத் தோழியர் பலர் கண்டிருப்பீர்கள். கல்லில் எழுத்துப் பொறித்துப் பழகிய சிற்பி ஒருவரிடம் பனையோலையையும் எழுத்தாணியையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுத்து அவருக்குத் தெரியும். ஓலையின் மென்மை தெரியாது. முதல் நாளில் எத்தனை ஓலைகள் கிழிந்திருக்குமோ!

கணினித் துறையிலும் இப்படி ஒரு நாள் வருவதுண்டு. பல ஆண்டுகள் நிரல் எழுதித் தேர்ந்த ஒருவர், தமக்குப் பழக்கமில்லாத இயங்குதளத்தில், சன்னலும் பொத்தானும் உடைய செயலி ஒன்றை எழுத உட்காரும் நாளே அது. அந்த நாளை நாங்கள் எங்கள் கணினி அறையிலேயே கண்டோம்.

இயங்குதளம் என்பது திரை, விசைப்பலகை, நினைவகம், கோப்புகள் யாவற்றையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியன அவ்வகையின. வீட்டுக்கு வீடு சமையலறை வேறுபடுவதுபோல இவையும் வேறுபடும். நன்றாகச் சமைக்கும் அம்மாவும் சித்தி வீட்டுக்குப் போனால் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். கைப்பக்குவம் போய்விடவில்லை, இடம்தான் புதிது.

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் தோழி ஒருத்தியின் அக்காளுக்கு ஒரு மடிக்கணினி கிடைத்திருந்தது. அதில் விண்டோஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அக்காள் பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "இது ஒன்றுக்கும் உதவாது" என்று மூடிவிட்டாராம். அதைக் கேட்ட எங்கள் கணினி சிஸ்டர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! கொண்டு வாருங்கள், பார்ப்போம்" என்றார்கள்.

சிஸ்டர் விண்டோஸில் நெடுநாள் நிரல் எழுதியவர்கள். பெயரையும் மதிப்பெண்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, கூட்டுத்தொகையைக் காட்டும் எழுத்துத்திரை நிரல் அவர்களுடையது. அதையே லினக்ஸில் சன்னலும் பொத்தானுமாக மாற்றித் தரும்படி கேட்டோம். "எனக்கும் இது புதிதுதான், பிள்ளைகளே. சேர்ந்தே படிப்போம்" என்றார்கள். ஆசிரியை தமக்குத் தெரியாது என்று சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

முதல் தடை உடனே வந்தது. பைத்தான் மொழியில் சன்னல்களை அமைக்க உதவும் டிகிண்டர் என்னும் தொகுப்பு, விண்டோஸில் பைத்தானுடன் சேர்ந்தே வரும். டெபியன் வழிவந்த லினக்ஸில் அதைத் தனியே நிறுவ வேண்டும். அடுத்து, மதிப்பெண் கோப்பு கிடைக்கவில்லை என்று கணினி சொன்னது. கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எழுத்து இருந்ததே காரணம். விண்டோஸ் வழக்கமாக அவ்வேறுபாட்டைப் பாராட்டாது. லினக்ஸுக்கோ அவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள்.

மூன்றாவது தடையே பெரிய பாடம். நிரலை இயக்கியதும் சன்னல் மின்னலெனத் தோன்றி மறைந்தது! சிஸ்டர் சிறிது நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்கள். பழைய நிரல் வினாத்தாளைப் போன்றது: முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி என வரிசையாகக் கேட்டு முடிந்துவிடும். சன்னல் உள்ள செயலியோ மளிகைக் கடையைப் போன்றது. கடைக்காரர் கடையைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். யார் எப்போது வந்து எதைக் கேட்பார் என்பது அவர் கையில் இல்லை. கேட்டதும் எடுத்துத் தர வேண்டும். இவ்வாறு காத்திருக்கச் சொல்லும் வரியைத்தான் சிஸ்டர் எழுத மறந்திருந்தார்கள். அதைச் சேர்த்ததும் சன்னல் நிலையாக நின்றது. ஒரு பொத்தானுக்கு மிக நீண்ட வேலையைக் கொடுத்தால் சன்னல் முழுவதும் உறைந்துபோகும் என்பதையும் அன்றே கண்டோம். கடைக்காரர் கிடங்கிற்குள் போய்விட்டால் வாசலில் நிற்பவருக்கு யார் பதில் சொல்வார்?

இப்படி மீண்டும் மீண்டும் மாணவரானவர்களால்தான் நம் தமிழ் புதிய கருவிகளில் ஏறியது. மலேசியாவைச் சேர்ந்த திரு. முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். காலம் மாற மாற விண்டோஸ், மாக், கைப்பேசி என்று புதுப்புதுத் தளங்கள் வந்தன. அவரும் ஒவ்வொன்றின் விதிகளையும் கற்றார். கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் அவருடைய 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தது. மாக் கணினியில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே.

அது எளிய வேலையன்று. 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ஒலிக்கும்போது 'க்' முதலில் வருகிறது. எழுதும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. யூனிகோடு முறையில் கணினி 'க' என்பதையும் ஒகரக் குறியையும் ஒலி வரிசையில் சேமிக்கிறது. அவற்றைத் திரையில் சரியாகப் பிரித்து வைப்பது இயங்குதளமும் எழுத்துருவும் சேர்ந்து செய்யும் வேலை. விண்டோஸ் வரிசையில் இவ்வசதி தமிழுக்கு விண்டோஸ் 2000-இல்தான் வந்தது. ஆகவே, தளம் மாறும் நிரலர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: இத்தளம் தானே செய்வது எது? நான் செய்ய வேண்டியது எது?

சிஸ்டர் கற்ற முறையை நாங்களும் குறித்துக்கொண்டோம். முதல் நாளே பெரிய செயலியில் கை வைக்கவில்லை. ஒரு சன்னல், ஒரு பொத்தான். அழுத்தினால் 'வணக்கம்' என்று வர வேண்டும், அவ்வளவே. அது சரியாக இயங்கிய பின்னரே அடுத்த பொத்தான். தவறு நேர்ந்தால் கணினி காட்டும் செய்தியை முழுவதும் படித்தார்கள். பழைய நிரலில் கூட்டுத்தொகை காணும் பகுதியை ஒரு வரிகூட மாற்றாமல் அப்படியே எடுத்துவைத்தார்கள். கணக்கு எந்தத் தளத்திலும் கணக்குத்தானே! கற்றதில் எது கூட வரும், எதை விட்டுவிட வேண்டும் என்று பிரித்தறிவதே தேர்ந்தவரின் திறமை என்று உணர்ந்தோம்.

நான்கு சனிக்கிழமைகளில் மதிப்பெண் செயலி முடிந்தது. மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது அக்காள் தாமே பாஸ் லினக்ஸைத் திறந்து, அதை எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு நாங்கள் பதினோராம் வகுப்பில் புதிய பாடப்பிரிவுகளில் சேரப்போகிறோம். தமிழ்வழியில் படித்த எங்களில் சிலர் ஆங்கிலவழிக்கும் மாறுவோம். புதிய சமையலறையில் உப்பு எங்கே என்று தெரியாமல் நிற்கும் நாள் எங்களுக்கும் வரும். அன்று, "எனக்கும் இது புதிதுதான்" என்று கூச்சமின்றிச் சொன்ன சிஸ்டரை நினைத்துக்கொள்வோம்.