வலி நெற்றியில்... முடிச்சு கழுத்தில்! பறியைக் கடித்து இறால் தடவும் பெண்களைப் படுத்தும் தசை

பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரிப் பகுதியில் இருளர் பெண்கள் வலையில்லாமலே இறால் பிடிக்கிறார்கள். ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிப் பிடிப்பார்கள். கைகளுக்கு வேலை இருப்பதால், பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயில் தண்ணீர் ஏறாதபடி தலை நிமிர்ந்தே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் இதே நிலைதான். இறால் சேரச் சேர பறியின் கனமும் கூடும்.

இப்படி உழைத்தால் பிடரிதானே வலிக்கும்? அதுவும் வலிக்கும். ஆனால், பலரும் கவனிக்காத ஒரு தசை கழுத்தின் முன்பக்கவாட்டில் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று தலையை வலப்பக்கம் திருப்புங்கள். இடது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை கயிறு மாதிரி சாய்வாகப் புடைக்கிறதே, அதுதான். பெயர், ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு. வாயில் நுழையாத பெயர்தான்! தசை ஒட்டியிருக்கும் எலும்புகளை வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. நெஞ்செலும்பில் ஒரு வேர், காறை எலும்பில் ஒரு வேர். இரண்டும் சேர்ந்து காதுக்குப் பின்னாலுள்ள எலும்புப் புடைப்பில் முடிகின்றன. தலையைத் திருப்பவும் குனியவும் இது வேண்டும். மேல்மூச்சு வாங்கும்போதும் உதவும். பல்லை இறுகக் கடித்தால், இந்தத் தசையும் சேர்ந்து இறுகும்.

ஓய்வே இல்லாமல் இறுகும் தசையில், தொட்டால் சுரீரென வலிக்கும் சிறு முடிச்சுகள் தோன்றலாம். இவற்றை 'டிரிக்கர் பாயின்ட்' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், முடிச்சு ஓரிடம், வலி வேறிடம். நெற்றி, கண்ணைச் சுற்றி, கன்னம், உச்சந்தலை, காது என்று வலி பரவும். சிலருக்குத் தலைசுற்றலும் வரும். கழுத்தைச் சந்தேகிக்காமல் சைனஸ், பல்வலி, ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. இந்த வலி வரைபடங்களைத் தொகுத்தவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1983-ல் வெளியானது. முடிச்சுக்குள் என்னதான் நடக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் இன்றும் ஓயவில்லை. சாதாரண எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'ஓய்வெடுங்கள்' என்று சொல்வது சுலபம். தண்ணீரில் இறங்காத நாளில் இவர்களுக்கு வருமானம் இல்லையே! நடுநடுவே பறியைக் கையில் வாங்கிக்கொண்டு தாடையைத் தளர விடலாம், தலையை மெதுவாக இருபுறமும் திருப்பலாம். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். கழுத்தை அழுத்தித் தேய்ப்பதும், 'மடக்'கென்று சொடுக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். இந்தத் தசைக்கு அடியில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓடுகிறது. முடிச்சைப் பிடித்து நீவுவதைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் விட்டுவிடலாம்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கை மரத்துப்போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ தசைவலி என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.