வேண்டாத அஞ்சலும் விதிகளின் வரிசையும்



கடிதம் ஒன்று தவறுவதன் துயரைப் பண்டாரவளைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. லயங்களுக்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் நெடுங்காலம் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்து சேர்ந்தன. நேர்முகப் பரீட்சை முடிந்த பின்னர் அழைப்புக் கடிதத்தைக் கண்ட இளைஞரும் உளர். இன்று அவ்வழைப்பு மின்னஞ்சலாகவும் வருகின்றது. அதனை இடையில் நிறுத்திவிடக்கூடியது, வேண்டாத அஞ்சல்களைக் களைவதற்கென அமைந்த வடிகட்டியே.

வடிகட்டி என்பது விதிகளின் தொகுதி. அவ்விதிகளைக் குழுக்களாக வகுத்து, எது முந்துவது, எது பிந்துவது என வரிசைப்படுத்துவதிலேதான் அதன் நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

முதற்குழு, வைரஸ் கொண்ட இணைப்புகளைத் தடுப்பது. இது நண்பரின் அஞ்சலுக்கும் பொருந்தும். நண்பரின் கணினியும் நோயுறலாம் அன்றோ? இரண்டாவது, அனுப்பியவர் மெய்யாகவே அவர்தாமா எனச் சோதிப்பது. எஸ்.பி.எஃப்., டீகிம் என்னும் முறைகள் இதற்கென உள்ளன. மூன்றாவது, நம்பத்தக்கோர் பட்டியல். இதிலுள்ளவரின் அஞ்சல் மேற்சோதனையின்றிப் பெட்டியைச் சேரும். இதனை இரண்டாவதற்கு முன் வைத்தலாகாது. வைத்தால், பிறர் பெயரைத் திருடியவனும் உள்ளே புகுந்துவிடுவான். நான்காவது, சொல்லையும் அமைப்பையும் கண்டு ஊகிக்கும் குழு. இங்கு ஒவ்வொரு விதியும் புள்ளி இடுமேயன்றித் தனித்துத் தீர்ப்பளிக்காது.

ஊக விதி எவ்வாறு பிழைபடும் என்பதற்கு உண்மைச் சான்று ஒன்று உண்டு. ஸ்பாம் அசாசின் என்னும் வடிகட்டியில், வழக்கமாக 5 புள்ளி சேர்ந்தால் அஞ்சல் வேண்டாததெனக் குறிக்கப்படும். தொலைவான எதிர்காலத் தேதி இட்ட அஞ்சலை ஐயுறும் விதியொன்று அதில் இருந்தது. 2010 முதலான ஆண்டுகள் யாவும் அவ்விதிக்கு எதிர்காலமே. 2010 ஜனவரி 1 பிறந்ததும், நேர்மையான அஞ்சல்களும் ஏறத்தாழ 3 புள்ளிக் குற்றத்தைச் சுமந்தன. விதி விரைவிலே திருத்தப்பட்டது. நம்பத்தக்கோர் பட்டியல் முன்னின்ற இடங்களில், அப்பட்டியலில் உள்ளோரின் அஞ்சலேனும் தப்பியிருக்கும். ஆகவே, ஊக விதி எதற்கும் மிகுந்த புள்ளி கொடுத்தலாகாது. உறுதியான விதிகளுக்கு முன் அதனை நிறுத்துதலும் ஆகாது.

ஐயத்துக்குரிய அஞ்சலை உடனே அழித்துவிடாது, தனிப்பெட்டியில் ஒதுக்கி வைத்தலே முறை. அப்பெட்டியை வாரம் ஒருமுறையேனும் திறந்து பாருங்கள். ஜிமெயில் போன்றவை அங்குள்ளவற்றை 30 நாளில் அழித்துவிடும். வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பம் அனுப்பிய அன்றே, பதில் வரக்கூடிய முகவரியை நம்பத்தக்கோர் பட்டியலிற் சேர்த்துவிடுதல் நலம்.