கடவுச்சொல்லை அறியாத கணினி

கடவுச்சொல்லைக் கேட்டு ஆளை அடையாளம் காணும் கணினி, அந்தச் சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவே கூடாது. இது புரியக் கணினித் துறைக்குச் சில விபத்துகள் தேவைப்பட்டன.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களில் பலரும் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ள சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு இருந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில் அப்படியே கிடந்தன. தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வாளர், 1962இல் அந்தக் கோப்பை அச்சிடும்படி துளை அட்டை வழியே கேட்டார், அச்சாகி வந்துவிட்டது. 1966இல் திருடனே தேவைப்படவில்லை. இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போய், உள்ளே நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே அச்சாகி வந்தது.

இதற்கு விடை 'ஹாஷ்' எனப்படும் ஒருவழிக் கணக்கு. சொல்லை இதில் செலுத்தினால் குறித்த நீளத்தில் ஓர் எண்கோவை கிடைக்கும். அதிலிருந்து சொல்லைத் திரும்பப் பெற நடைமுறையில் வழியில்லை. கணினி அந்தக் கோவையை மட்டும் சேமிக்கிறது. அடுத்த முறை ஒருவர் நுழையும்போது அவர் தட்டும் சொல்லை மறுபடி கணக்கிட்டு, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது.

கோப்பு களவுபோனாலும் திருடனால் ஊகிக்கத்தான் முடியும். ஆனால் ஊகிப்பது எளிது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர்களிடம் திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும், அவற்றில் 86 விழுக்காடு மிகக் குட்டையானவை அல்லது அகராதி போன்ற பட்டியல்களில் சிக்குபவை என்று 1979இல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன தடுப்புகளில் இரண்டு இவை. ஒவ்வொரு சொல்லோடும் 'சால்ட்' என்ற தற்செயல் எண்ணைச் சேர்ப்பது ஒன்று: ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் கோவைகள் வேறாகும், ஒருமுறை போட்ட கணக்கு எல்லாரிடமும் பலிக்காது. அன்றைய சால்ட் 4,096 வகைதான். கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது மற்றொன்று. 1999இல் வந்த 'பிகிரிப்ட்' முறையில், கணினிகள் வேகம் பெறப் பெற இந்தத் தாமதத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து கசிந்த சுமார் 65 லட்சம் கோவைகளில் சால்ட் இல்லை. பயன்படுத்தியதும் எஸ்.எச்.ஏ-1 என்ற அதிவேகக் கணக்கு. வேகம் இங்கே திருடனுக்குத்தான் உதவும். 33 ஆண்டுப் பழைய பாடத்தைப் படிக்காததற்குச் சாக்கு எதுவும் இல்லை.

போலித் தளத்தில் பயனரே சொல்லைத் தட்டிவிட்டால் ஹாஷ் காப்பாற்றாது. கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் ஏமாற்றி வாங்கிவிடுகிறார்கள். இப்போது பரவிவரும் 'பாஸ்கீ' முறையில் ரகசியச் சாவி பயனர் பக்கமே இருக்கும். தளத்திடம் இருப்பது ஊரறிந்தாலும் கேடில்லாத பொதுச் சாவி. எந்த முகவரிக்காக அந்தச் சாவி உருவானதோ, அந்த முகவரிக்கு மட்டுமே அது வேலை செய்யும்.