பலகை தந்த பாடம்

மொழிபெயர்ப்பு வகுப்பிலே மாணவனொருவன் 'போர்ட் அண்ட் லொட்ஜிங்' என்னும் ஆங்கிலத் தொடரைப் 'பலகையும் தங்குமிடமும்' எனத் தமிழாக்கினான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோது என் நகைப்பு அடங்கிற்று.

'போர்ட்' என்னுஞ் சொல்லின் முதற்பொருள் பலகையே. பின்னர்ப் பலகையாலமைந்த மேசைக்கும், அம்மேசையில் இடப்படும் உணவுக்கும் அது பெயராயிற்று. நாம் 'போர்டிங்' என வழங்கும் உண்டுறை விடுதி இவ்வழி வந்ததே. மேசையைச் சூழ்ந்திருந்து ஆராய்வோர் குழுவுக்கும் அப்பெயரே நிலைத்தது. சீட்டாடுவோர் கைகளை மேசைக்கு மேலே வைத்திருத்தல் வஞ்சமின்மைக்கு அடையாளம். ஆதலின் 'அபவ் போர்ட்' என்பது நேர்மையைக் குறிக்கும்.

பலகைக்கும் அவைக்குமுள்ள உறவு நமக்கும் புதிதன்று. புலவர்தந் தகுதியை அளந்த சங்கப் பலகையைத் திருவிளையாடற் புராணம் பேசுகின்றதன்றோ?

சொற்பொருளை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். அவ்விடத்துக்குரியது 'உணவும் உறையுளும்' என்பதே. எனினும், மாணவன் பற்றியது அச்சொல்லின் வேரை. அவ்வேரை அறியாது நகைத்தவன் யான். மறுநாட் கரும்பலகையின் முன்னின்று, முதற்கண் என் நகைப்புக்கு வருந்தினேன். பின்னரே அவன் பிழையைத் திருத்தினேன்.