மே மாதத்தைத் தாங்குமா வரவேற்பறைக் கடல்?

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் கப்பியும் கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கப் போகிறவர்கள், நீல வெளிச்சத்தில் ‘நீமோ’ நீந்தும் உப்புநீர்த் தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அடுத்த கேள்வி, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான். கண்ணாடித் தொட்டி, விளக்கு, பாறை, உப்பு, ஸ்கிம்மர் என்று கணக்கு நீளும். அந்தக் கணக்கில் தண்ணீரைக் குளிர்விக்கும் செலவு கடைசியில் வரும், அல்லது வரவே வராது. புதியவர்கள் இணையத்தில் படிக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. ஹீட்டர் வாங்கு என்பதுதான் அவற்றின் முதல் அறிவுரைகளில் ஒன்று. நம் ஊரில் சிக்கல் நேர் எதிரானது. மீன் கழிவின் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் சுழற்சி பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மீன் விடுமுன் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்திருந்தால் அந்தக் கண்டம் பெரும்பாலும் தாண்டிவிடும். சூட்டுக்குப் பொறுமை மருந்தாகாது.

பவளத் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் தண்ணீர் உகந்தது. பவள உயிரியின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பங்கு உணவு தருகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தது இப்படித்தான். ‘மன்னார் வளைகுடாவிலேயே கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறதே, அங்கே பவளம் வாழவில்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடல் அந்தச் சூட்டை எட்ட வாரக்கணக்காகிறது. மாடி ஃபிளாட்டில் இருக்கும் 100 லிட்டர் தொட்டியோ விடிகாலையில் 28, பிற்பகல் மூன்று மணிக்கு 32 என்று தினமும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் உயிரை வாங்குகிறது. போதாக்குறைக்கு, தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அதே அளவு அம்மோனியா கூடுதல் நஞ்சாகும்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எதற்கு, தொட்டிக்கு மேல் ஒரு ஃபேன் போதுமே என்பார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம்தான்: 200 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் மீதித் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய மூன்று டிகிரி இறக்கும் அளவுக்கு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கோயம்புத்தூரின் வறண்ட காற்றில் இது நன்றாகவே பலிக்கும். சென்னையில் மே மாதப் பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து உடம்பு கசகசக்கும்போது, வியர்வை காயாத அதே காரணத்தால் தொட்டித் தண்ணீரும் எளிதில் ஆவியாகாது. ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், தெர்மாமீட்டர் அசையாது. ஆவியாகிற நாட்களில் வேறொரு கணக்கு இருக்கிறது. போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்போடு தொடங்கிய 200 லிட்டர் தொட்டி தினமும் மூன்று லிட்டர் இழந்தால், ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் உப்பு 39 கிராமைத் தொட்டிருக்கும். அதை ஈடுகட்ட உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். சென்னை போர்வெல் தண்ணீர் உதவாது. சமையலறை ஆர்.ஓ. தண்ணீரும் போதாது, ருசிக்காக அதில் கொஞ்சம் தாதுவை விட்டுவைத்திருப்பார்கள். இங்கே டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டியாக வேண்டும்.

இரவில் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் தொட்டியை வைத்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. கெடுதலுக்குக் கெடுதல் அது: இரவெல்லாம் குளிர்ந்து, காலையில் ஏ.சி.யை அணைத்ததும் சூடேறினால் ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். ஆகவே சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் சில்லர் தவிர வழியில்லை என்பது என் கட்சி. சிறிய சில்லர் நாளொன்றுக்கு இரண்டு யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டார்களுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. இரண்டு மாத பில்லில் 240 யூனிட் இந்தத் தொட்டி ஒன்றுக்கே. ஏற்கெனவே கோடை ஏ.சி.யில் திணறும் வீடு இதனால் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியிலுள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் கூடிவிடும். சில்லரைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு, பார்க்க அழகாக இருக்கும் என்று. தான் கக்கிய சூடான காற்றையே திரும்ப உறிஞ்சி அது நிற்காமல் ஓடும், மீட்டரும் ஓடும்.

இத்தனையும் கரண்ட் இருக்கும்வரை. மின்வெட்டில் முதலில் தீர்வது குளிர்ச்சி அல்ல, ஆக்சிஜன். 200 லிட்டர் தண்ணீர் சூடேறச் சில மணி நேரம் ஆகும். நீரோட்டம் நின்றால் மீன்கள் அதற்கு முன்பே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆகவே இன்வர்ட்டரில் சில்லரை மாட்டி பேட்டரியைத் தீர்க்காமல், தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும். மோட்டார் நின்றதும் மீன் தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர், கீழே இருக்கும் ‘சம்ப்’ என்ற துணைத் தொட்டிக்கு இறங்கும். சம்ப்பை விளிம்புவரை நிரப்பி வைத்திருந்தால் நள்ளிரவில் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர்தான்.

முதல் முயற்சிக்குச் சின்னத் தொட்டி போதும் என்று பலரும் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. 40 லிட்டர் தொட்டி வாங்கும்போது மலிவு. சூட்டிலும் உப்பிலும் தடுமாறுவதில் அதுதான் முதல். கடல் உயிர்களை வீட்டில் அடைப்பதே தவறு என்பாரும் உண்டு. அது தனி விவாதம்; ஆனால் எதை வாங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், கரையிலிருந்து எடுத்த பவளத் துண்டை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நீமோ என்று விற்கும் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்ய முடியும். அப்படிப் பிறந்த குஞ்சு கிடைத்தால், கடலில் பிடித்ததைவிடத் தொட்டி வாழ்க்கைக்கு அது பழகியிருக்கும்.

தொடங்க உகந்த மாதம் ஏப்ரல் என்பேன், கேட்பவர்கள் சிரித்தாலும். தொட்டி, உப்புத் தண்ணீர், பாறை, மோட்டார், விளக்கு, இவ்வளவு போதும். மீன் வேண்டாம், சில்லரும் வேண்டாம். பாக்டீரியா வளர அவ்வப்போது ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்கள். கத்திரி முடியும்வரை தினமும் காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் தண்ணீரின் சூட்டைக் குறித்து வையுங்கள். எந்த அளவு சில்லர் வேண்டும், அதற்கு வீட்டு பட்ஜெட் இடம் கொடுக்குமா என்பது ஜூன் மாதத்தில் அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இடம் கொடுக்காவிட்டால் பாறையையும் உப்பையும் வெளியே எடுத்துவிட்டு, அதே கண்ணாடித் தொட்டியில் கப்பி வளர்க்கலாம்.