வடிவமைப்பு மாணவரும் ஒப்புகைக் குறிப்பும்

வடிவமைப்புக் கல்வியில் முடிந்த படம் ஒன்றுக்கு மட்டுமே மதிப்பெண் இடுவதில்லை. அதற்கு மாணவர் வந்து சேர்ந்த வழியைக் காட்டும் கோட்டுச் சித்திரங்களும், பாதியில் கைவிட்ட யோசனைகளும், ஒன்றை விடுத்து மற்றொன்றைத் தேர்ந்ததற்கான காரணங்களும் சேர்ந்தே மதிக்கப்படுவது நெடுநாளைய சம்பிரதாயம். 2022ஆம் ஆண்டில், கட்டளைப்படி படம் உண்டாக்கும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களான டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஆகியவை அடுத்தடுத்து வெளிவந்து, மறு ஆண்டு மே மாதத்தில் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பிலேயே படம் உண்டாக்கும் வசதி நுழைந்த பின், அந்த வழியின் ஒரு பகுதியை இயந்திரம் நடந்து கொடுக்கிறது. அதை மாணவர் எவ்வாறு ஒப்புக்கொள்வது என்பதே இப்போதைய வினா.

ஆய்வுக் கட்டுரைகளுக்கான மேற்கோள் விதிகளை வகுக்கும் அமெரிக்க அமைப்புகள் இரண்டு 2023இல் இதற்கு விடை கூற முற்பட்டன. சாதனத்தைப் படைத்த நிறுவனத்தையே ஆசிரியர் ஸ்தானத்தில் குறிக்கலாம் என்றது அமெரிக்க உளவியல் சங்கம். இயந்திரத்தை ஆசிரியராகக் கொள்ளாமல், அதற்கு இட்ட கட்டளை, சாதனத்தின் பெயர், பதிப்பு, நிறுவனம், தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும் என்றது நவீன மொழிகள் சங்கம். ஆனால் மேற்கோளின் பிரயோஜனம், வாசகர் அதே பக்கத்தைத் தாமும் புரட்டிப் பார்க்கலாம் என்பதில் இருக்கிறது; படம் உண்டாக்கும் இயந்திரமோ, ஒரே கட்டளையை இரு முறை இட்டால் பெரும்பாலும் இரு வேறு படங்களைத் தருவது.

ஆகையால், 'செயற்கை நுண்ணறிவின் உதவி பெறப்பட்டது' என்ற ஒற்றை வரி வடிவமைப்புப் பணிக்குப் போதாது. சுவரொட்டி ஒன்றின் பின்னணியை இயந்திரம் தீட்டியிருந்தால், சாதனம், பதிப்பு, தேதி, முழுக் கட்டளை ஆகியவற்றோடு, படம் முதலில் வந்த கோலத்தையும், தள்ளிய படங்களையும், எழுத்தமைப்பிலும் வர்ணத்திலும் தம் கை செய்த மாற்றங்களையும் மாணவர் வரிசையாக வைத்தல் வேண்டும். உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவரின் பெயரைக் கட்டளையில் எழுதியிருந்தால் அதையும் மறைக்கலாகாது. போலந்து நாட்டு ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் அவர் சம்மதமின்றியே எண்ணற்ற கட்டளைகளில் இடம்பெற்று, அவரது மனவருத்தத்துக்குக் காரணமாயிற்று.

இவ்வாறு குறித்து வைக்கும் பழக்கம் வகுப்பறையோடு முடிவதன்று. மிட்ஜர்னி தந்த படங்களைக் கொண்ட 'ஸார்யா ஆஃப் தி டான்' என்னும் சித்திரக் கதையில், எழுத்துக்கும் தொகுப்பு முறைக்கும் மட்டுமே உரிமை உண்டு, தனித்தனிப் படங்களுக்கு இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் தீர்மானித்தது. இயந்திரம் ஆக்கிய பகுதிகளை விண்ணப்பத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்று அடுத்த மாதமே அறிவித்தது. எந்தப் பகுதி தம்முடையது என்று இன்று குறித்து வைக்கப் பழகாதவர், நாளை தொழிலில் தம் உரிமையை நாட்டுவது அரிது.

ஆசிரியருக்கும் இதில் கடமை உண்டு. இயந்திரத்தை எந்தக் கட்டத்தில் பயன்படுத்தலாம், எதில் கூடாது என்பதை ஒவ்வொரு பணிக்கும் தொடக்கத்திலேயே எழுதித் தருவதும், உண்மையைச் சொன்னவரின் மதிப்பெண்ணைச் சொன்ன காரணத்துக்காகவே குறைக்காதிருப்பதும் அவசியம். ஒப்புக்கொண்டவன் தண்டனை பெற்று, மறைத்தவன் பாராட்டுப் பெறும் வகுப்பில் எந்த விதியும் நிலைக்காது. ஒப்புகையைக் குற்றப் பத்திரிகையாக அன்றி, மாணவரின் விவேகத்தை அளக்கும் சான்றாகவே ஆசிரியர் வாசிக்க வேண்டும். அவ்வாறு வாசிக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் மாணவரும் அதை முழுமையாக எழுதுவார்.