பரண் மேல ஒரு துப்பாக்கி: அமெரிக்காவுல சேகரிப்பு, நம்ம ஊர்ல குற்றம். ஏன்?

பின்னாடி 'டக் டக்'னு கேக்கறது மைக் கோளாறு இல்ல, பிள்ளையார்பாளையத்துல எங்க பக்கத்து வீட்டுத் தறி. அது நிக்கற வரைக்கும் காத்திருந்தா இந்த எபிசோட் வராது, அதனால ஆரம்பிச்சுடறேன்.

ரெண்டு மாசம் முன்னாடி பெரியப்பா போன் பண்ணார். தாத்தா தவறி நாலு மாசம் ஆகியிருந்துச்சு. உத்திரமேரூர் பக்கம் இருக்கற பழைய வீட்டைச் சுத்தம் பண்ணும்போது, பரண் மேல துணி சுத்தின ஒற்றைக்குழல் துப்பாக்கி. கடலைக் கொல்லைக்குக் காட்டுப்பன்னி வருதுன்னு தாத்தா அந்தக் காலத்துல லைசென்ஸ் வாங்கி வெச்சிருந்தது. "நீதான் பழைய துப்பாக்கி வீடியோவா பாக்கறியேடா, இதைக் கண்ணாடிப் பெட்டியில போட்டு ஹால்ல மாட்டிக்கலாமா?"ன்னு கேட்டார்.

எனக்கு அந்தப் பைத்தியம் காலேஜ் என்.சி.சி.யில பிடிச்சது. டிரில்லுக்குன்னு சுட முடியாதபடி ஆக்கின .303 ரைஃபிள் கொடுப்பாங்க. அதுல 'இஷாப்பூர்'னு பொறிச்சு, 1940-கள்ல ஒரு வருஷம் போட்டிருந்துச்சு. கல்கத்தா பக்கம் ஹூக்ளிக் கரையில இருக்கற அரசு ரைஃபிள் தொழிற்சாலை அது. சுதந்திரத்துக்கு முன்னாடி செஞ்சதுல ராஜா கிரீடம் இருக்கும், அப்புறம் செஞ்சதுல அசோகச் சிங்கம். ஒரு துப்பாக்கியில நாட்டோட வரலாற்றையே படிக்கலாம்.

ஆனா இதைச் சேகரிக்கறவங்க பெரும்பாலும் அமெரிக்காவுல இருக்காங்க. ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் பல நாட்டு ராணுவங்கள் வேண்டாம்னு தள்ளின ரைஃபிள்கள் மலை மலையா அங்க போய்ச் சேர்ந்துச்சு. டிபார்ட்மென்ட் ஸ்டோர்ல சட்டை, செருப்போட அதுவும் விக்கும். பேப்பர்ல வர்ற கூப்பனை வெட்டி அனுப்பினா தபால்லயும் வரும். 1963-ல கென்னடியைச் சுட்ட இத்தாலிய ரைஃபிள் அப்படித் தபால்ல வந்ததுதான். தொலைநோக்கியோட விலை 19.95 டாலர். அதுக்கப்புறம் 1968-ல வந்த சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரித் துப்பாக்கி இறக்குமதியையும் அடைச்சது. 1980-கள்ல கொஞ்சம் தளர்த்தினாங்க. அப்புறம் நம்ம இஷாப்பூர் ரைஃபிள்களும் அங்க விலைக்குப் போச்சு. அந்த ஊர் சேகரிப்பாளர்கள் செல்லமா 'இஷி'ன்னு கூப்பிடறாங்க.

நம்ம நாட்டுல செஞ்சது, நம்ம சிப்பாய் தூக்கினது. அதை டெக்சாஸ்ல ஒருத்தர் சுவத்துல மாட்டலாம், காஞ்சிபுரத்துல நான் மாட்ட முடியாது. ஏன்?

அது பயங்கரமான ஆயுதம்ங்கறதாலன்னு நானும் நெனச்சிருந்தேன். விதியைப் படிச்சா வேற கதை. ராணுவ, போலீஸ் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய ரைஃபிள் எதுவா இருந்தாலும் தடை செஞ்ச வகை. அதாவது, சட்டம் எந்த போன்னு கேக்கல, எந்த சார்ஜர் பின்னு கேக்குது. அரசாங்கத்தோட தோட்டா உள்ள போனா, அது உன் கையில இருக்கக் கூடாது.

இந்த பயம் வெள்ளைக்காரன் காலத்துது. 1857-க்கு அப்புறம், 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாம ஆயுதம் வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1907-ல .450 அளவு வேட்டைத் துப்பாக்கியையே இந்தியாவுக்குள்ள வரவிடாம தடுத்தாங்க. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைஃபிளும் அதே அளவு, அந்தக் குண்டைக் கலகக்காரங்க எடுத்துப் பயன்படுத்திடுவாங்கன்னு பயம். லண்டன் கம்பெனிகள் உடனே .470, .465-ன்னு புது அளவு செஞ்சு வித்தாங்க.

.315-ம் அப்படி வந்ததுதான். இன்னிக்கும் இஷாப்பூர்ல சாதாரண லைசென்ஸ்காரங்களுக்குச் செய்யற ரைஃபிள் அது. பொறிமுறை கிட்டத்தட்ட அதே .303, குழலோட அளவு மட்டும் வேற. அதை வெச்சுக்கலாம், இதை வெச்சுக்கக் கூடாது.

இன்னொரு கூத்து, .410 மஸ்கட். .303 குழலை வழவழன்னு கடைஞ்சு, மேகஸின்ல கட்டையை அடைச்சு, ஒரு நேரத்துல ஒரே தோட்டா போடற மாதிரி இஷாப்பூர்ல மாத்தி, போலீஸுக்குக் கொடுத்தாங்க. பல் புடுங்கின பாம்பு. ஆனா அதுவும் தடைப் பட்டியல்ல இருக்கு.

1959-ல நாம புதுச் சட்டம் போட்டோம், ஆனா இந்தத் தோட்டாக் கணக்கு அப்படியே தொடருது. உத்தரப் பிரதேச போலீஸ் .303-க்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தின அணிவகுப்புலதான். போலீஸ் கையில இருக்கற ஆயுதத்தை வீட்டுல மாட்ட விட முடியாதுங்கறது எனக்குப் புரியுது. 2019 திருத்தம் இன்னும் இறுக்கிடுச்சு. தடை வகை ஆயுதம் வெச்சிருந்தா 7-லேர்ந்து 14 வருஷம் ஜெயில். சாதாரண வகையிலயும் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தா வந்தாலும்.

சரி, தாத்தாவோடது? அது 12 போர், தடை வகை இல்ல. 'பழம்பொருள்'னு சொல்லித் தப்பிக்கலாமான்னு பெரியப்பா கேட்டார். ரிப்பேர் பண்ணாலும் சுடவே முடியாததா இருந்தாத்தான் சட்டம் விலக்கு தருது. தாத்தா கடைசி வரைக்கும் எண்ணெய் போட்டு வெச்சிருந்தார், அதனால அது பழம்பொருள் இல்ல, துப்பாக்கி. லைசென்ஸ் தாத்தா பேர்ல. அவர் போன பிறகு அது வீட்டுல சும்மா கிடக்கக் கூடாது. தாமதிக்காம பக்கத்து ஸ்டேஷன்லயோ, லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். நாலு மாசம் நாங்க குற்றத்துக்கு மேலதான் படுத்துத் தூங்கியிருக்கோம்.

நாங்க அதை பைக்ல தூக்கிட்டு ஓடல. முதல்ல ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னோம். அவங்களே வந்து, லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் பாத்து, வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்தாங்க. இப்போ வாரிசு லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல பெரியப்பா மனு போட்டிருக்கார்.

எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. 2016 விதிப்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வெச்சிருந்தாலோ, அவர் உயிரோட இருக்கும்போதே வாரிசு பேருக்கு மாத்த மனு போடலாம். தாத்தாவுக்கு 84. ரெண்டு கணக்கும் எப்பவோ தாண்டிடுச்சு. யாரும் அவர்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா துப்பாக்கியோட அந்தப் பன்னிக் கதையும் எங்களுக்குக் கிடைச்சிருக்கும். இப்போ இருக்கறது ரசீது மட்டும்தான்.

உங்க வீட்டுல லைசென்ஸ் துப்பாக்கியோட ஒரு தாத்தா இருந்தா, இந்த எபிசோடை முடிச்ச கையோட அவருக்கு போன் பண்ணுங்க. முதல்ல கதையைக் கேளுங்க, அப்புறம் லைசென்ஸைக் கேளுங்க. அடுத்த வாரம் பாப்போம்.